செபராங் பிறையில் ஒரு சிறு இணையச் சேவை நிறுவனம் அப்ஸ்ட்ரீமும் ரூட்டரும் தேர்ந்தெடுத்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இயங்கும் ஒரு சிறு இணையச் சேவை நிறுவனத்தில் நடந்தது இது. பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் சில அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஒரு வரிசைக் கடைவீடுகள், சிறு தொழிற்சாலைகள், ஒரு மாணவர் விடுதி என்று 1,200 இணைப்புகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தார்கள். உரிமையாளர் முன்பு சிசிடிவி வயரிங் வேலை செய்தவர். அவருடன் இரண்டு டெக்னீஷியன்கள், கணக்குப் பார்க்க ஒரு பெண். பெரிய நிறுவனங்கள் கேபிள் இழுக்கத் தயங்கிய பழைய ஃபிளாட்டுகளில் ஏறி இறங்கி லைன் போட்டுக் கொடுத்து வளர்ந்தவர்கள். இப்படிப்பட்ட நிறுவனங்கள் நிலைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதனால்தான் ஆலோசனைக்குக் கூப்பிட்டபோது போனேன். அதனால்தான் இதை எழுதவும் செய்கிறேன். நிறுவனங்களின் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை.

அப்போதைய அமைப்பு எளிமையானது. ஒரே அப்ஸ்ட்ரீமிடமிருந்து, அதாவது இவர்களுக்கு இணையத்தை மொத்தமாக விற்கும் நிறுவனத்திடமிருந்து, 2 ஜிபிபிஎஸ் லைன். பொது ஐபி முகவரிகள் எல்லாம் அந்த அப்ஸ்ட்ரீமுடையவை. சொந்த ஏஎஸ் எண் (இணையத்தில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) கிடையாது, பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளுக்கான வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை) கிடையாது, எல்லாவற்றையும் ஒரே பக்கம் அனுப்பும் ஒரே ஒரு டீஃபால்ட் ரூட். மைக்ரோடிக் சிசிஆர்1036 ரூட்டர் ஒன்று பிபிபிஓஇ (வீட்டு ரூட்டர்கள் டயல் செய்து உள்நுழையும் முறை), நேட் (பல வீடுகள் ஒரு பொது முகவரியைப் பகிரும் முறை), ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வேக வரம்பு என்று எல்லா வேலையையும் தானே சுமந்தது. மாலை நேர உச்சத்தில் இறங்கும் போக்குவரத்து 1.9 ஜிபிபிஎஸைத் தொட்டது.

தடங்கலும் முதல் கேள்வியும்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சாலைப் பணிக்கு மண் தோண்டிய இயந்திரம் அப்ஸ்ட்ரீமின் இழையை அறுத்துவிட்டது. நள்ளிரவு தாண்டித்தான் லைன் வந்தது. வந்த பிறகும் அடுத்த அரைமணி நேரம் யாருக்கும் இணையம் நிலைக்கவில்லை. 1,200 வீட்டு ரூட்டர்களும் ஒரே நேரத்தில் பிபிபிஓஇ டயல் செய்ய, சிசிஆர் திணறியது. உள்ளே வந்தவர்களும் துண்டிக்கப்பட்டு மறுபடி டயல் செய்தார்கள். அடுத்த வாரம் விடுதி நிர்வாகம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டது.

உரிமையாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த ரூட்டர் வாங்கலாம்?" என்பது. கையில் ஒரு விலைப்பட்டியலும் இருந்தது: பெரிய பிராண்டின் பழைய சேசிஸ் ரூட்டர் (லைன் கார்டுகளைச் செருகும் பெரிய பெட்டி), புதுப்பித்தது. கூடவே குறைந்த விலையில் இரண்டாவது லைன் தருவதாக ஒரு விற்பனையாளர். "ரெண்டும் வேற வேற கம்பெனி பாஸ், ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எதையும் வாங்கும் முன் இரண்டு விஷயங்களை அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒன்று, நம் போக்குவரத்து எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது. இன்னொன்று, விற்க வருகிறவர்களின் இழை தரையில் எந்த வழியாகப் போகிறது. பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து வந்தவையே.

அளந்தபோது தெரிந்தவை

சிசிஆரிலிருந்து ஃப்ளோ பதிவுகளை (எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்ற குறிப்புகள்) ஒரு சிறு சர்வருக்கு அனுப்பி இரண்டு வாரம் சேகரித்தோம். ரூட்டரில் பிஜிபி அட்டவணை இல்லாததால் பதிவுகளில் ஏஎஸ் எண் வராது. எந்த முகவரி எந்த ஏஎஸ்ஸுடையது என்ற பட்டியலைச் சர்வர் பக்கத்தில் வைத்துப் பொருத்த வேண்டியிருந்தது. கொஞ்சம் அலுப்பான வேலைதான், ஆனால் கட்டாயம் செய்ய வேண்டியது.

மாலை உச்ச நேரத்தில் இறங்கிய போக்குவரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கூகுள், மெட்டா, நெட்ஃபிளிக்ஸ், டிக்டாக், அக்காமாய் போன்ற சில உள்ளடக்க நெட்வொர்க்குகளிலிருந்தே வந்தது. இவை எல்லாம் கடல் கடந்து வரத் தேவையில்லாதவை. அப்ஸ்ட்ரீமுக்குள் இருக்கும் கேஷ் சர்வர்களிலிருந்தோ, கோலாலம்பூரில் நடக்கும் பியரிங்கிலிருந்தோ (நெட்வொர்க்குகள் நேரடியாகப் போக்குவரத்தைப் பரிமாறிக்கொள்வது) கிடைக்கக்கூடியவை. மலேசிய இணையப் பரிமாற்ற மையமான மைஐஎக்ஸ் 2006 முதல் இயங்குகிறது. தலைநகரில் சங்காட் ராஜா சூலானில் உள்ள ஏய்ம்ஸ் கட்டடம் நாட்டின் நெட்வொர்க்குகள் சந்திக்கும் முக்கிய இடம். அங்கே ஒரு கால் வைத்தால், உண்மையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய சர்வதேச டிரான்சிட் (உலகின் மற்ற இடங்களுக்கான வழி) பாதிக்கும் கீழே வந்துவிடும் என்பது எண்களில் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. ஏறும் போக்குவரத்து வெறும் 200 எம்பிபிஎஸ். வீடுகளுக்குச் சேவை தரும் நிறுவனத்தில் இறக்கமே பத்து மடங்கு. ரூட்டர் தேர்வில் இந்த விகிதம் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பழைய ரூட்டரையும் பார்த்தோம். இரண்டு டெக்னீஷியன்களில் இளையவர்தான் முதலில் கவனித்தார்: "அண்ணே, மொத்த லோடு நாப்பதுதான் காட்டுது, ஆனா ரெண்டு கோர் நூறுலயே நிக்குது." சிசிஆர்1036இல் 36 கோர்கள் உண்டு, வேலை எல்லாம் சமமாகப் பிரிவதில்லை. சராசரியைப் பார்த்து நிம்மதி அடைந்தால் ஏமாந்துவிடுவோம். அதில் அப்போது ஓடிய ரூட்டர்ஓஎஸ் 6ஆம் பதிப்பில் பிஜிபி முழுவதும் ஒரே கோரில்தான் ஓடும். அதன் தலையில் பிஜிபியையும் ஏற்றுவது என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

இழை எந்த வழியாகப் போகிறது

எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் பட்ட பகுதி இது.

மூன்று பேர் விலை கொடுத்திருந்தார்கள். முதலாமவர் ஏற்கெனவே இருக்கும் அப்ஸ்ட்ரீம். இரண்டாமவர் அந்தக் குறைந்த விலைக்காரர். மூன்றாமவர் ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கு மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம் கேட்டவர். மூவரிடமும் இழை வழியின் வரைபடக் கோப்பைக் கேட்டோம். முதலாமவர் தயங்கித் தயங்கித் தந்தார். மூன்றாமவர் மறுநாளே அனுப்பினார். இரண்டாமவர் "அது கம்பெனி ரகசியம்" என்றார்.

ரகசியம் என்றால் சோதனை லைன் கொடுங்கள் என்று கேட்டு, கோலாலம்பூருக்குப் போய்வரும் நேரத்தை அளந்தோம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பினாங்கிலிருந்து தலைநகர் சாலை வழியே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஆக, போய்வர 3.5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்க வழியில்லை. நடைமுறையில் அதைவிடக் கூடத்தான் வரும். முதலாமவர் லைனிலும் இரண்டாமவர் லைனிலும் வந்த நேரம் தசமப் புள்ளி வரைக்கும் ஒன்றாக இருந்தது. அது மட்டும் ஆதாரம் ஆகாது. ஆனால் நேரடியாகக் கேட்பதற்கு அது போதுமானதாக இருந்தது. கேட்டபோது இரண்டாமவர் ஒப்புக்கொண்டார்: அவர் விற்றது முதலாமவரிடம் மொத்தமாக வாடகைக்கு எடுத்த இழையைத்தான். கம்பெனி இரண்டு, குழாய் ஒன்று. அந்த வெள்ளிக்கிழமை அந்த லைனும் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

மலேசியாவில் நீண்ட தூர இழைகள் நெடுஞ்சாலை ஓரமாகவும், ரயில் தடத்தின் ஓரமாகவும், உயர் அழுத்த மின்கோபுரங்களின் மேலும் செல்கின்றன. மூன்றாமவரின் வழி நெடுஞ்சாலையை விட்டு விலகிச் சென்றது. அலுவலகக் கட்டடத்துக்குள் நுழையும் கடைசி 200 மீட்டரில் மட்டும் முதலாமவரின் குழாயோடு சேர்ந்தது. அதையும் பிரித்துப் பின்பக்கச் சந்து வழியாக நுழைக்கத் தனிச் செலவு கேட்டார். உரிமையாளர் ஒத்துக்கொண்டார். அந்தத் தொகை ஒரு மாத டிரான்சிட் கட்டணத்தைவிடக் குறைவு.

பினாங்கில் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றனவே, இங்கேயே மலிவாக டிரான்சிட் கிடைக்காதா என்ற கேள்வியும் எழுந்தது. சென்னையையும் பினாங்கையும் இணைக்கும் வங்காள விரிகுடா கேட்வே கேபிள் 2016 முதல் இங்கே இறங்குகிறது. ஆனால் கேபிள் கரையேறும் இடத்தில் சந்தை இருப்பதில்லை. அந்தக் கொள்ளளவு பெரும்பாலும் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுபோகப்பட்டு அங்கேதான் விற்பனையாகிறது. ஆகவே கேபிள் எங்கே இருக்கிறது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவர் லைனிலும் சென்னைக்கு எப்படிப் போகிறது என்று சோதித்தோம். மூன்றாமவர் வழியில் 60 மில்லிசெகண்டுக்குள் போனது. இரண்டாமவர் வழியில் எங்கோ சுற்றி 200ஐத் தாண்டியது. தமிழ்நாட்டு உறவினர்களுடன் தினமும் வீடியோவில் பேசும் குடும்பங்களும், சென்னை அலுவலகத்துடன் விபிஎன் வைத்திருக்கும் ஒரு தொழிற்சாலையும் வாடிக்கையாளர்களாக இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

எடுத்த முடிவுகள்: அப்ஸ்ட்ரீம்

முதலாமவரை வைத்துக்கொண்டு, லைனை பிஜிபிக்கு மாற்றுவது. மூன்றாமவரிடமிருந்து ஏய்ம்ஸ் வரை ஒரு லேயர் 2 சர்க்யூட் (இரண்டு இடங்களை நேரடியாக இணைக்கும் லைன்) எடுத்து, அங்கே அவருடைய டிரான்சிட்டையும் மைஐஎக்ஸ் போர்ட்டையும் பெறுவது. இதுதான் முடிவு.

இதற்கு முன்நிபந்தனை சொந்த முகவரி. அப்ஸ்ட்ரீமின் முகவரியில் இருக்கும்வரை இரண்டாவது லைன் இருந்தும் பயன் குறைவு. ஆசிய பசிபிக் வட்டாரத்தில் இணைய முகவரிகளை வழங்கும் ஏப்நிக்கில் உறுப்பினராகி ஏஎஸ் எண்ணும், ஒரு /23 ஐபிவி4 தொகுதியும், ஒரு /32 ஐபிவி6 தொகுதியும் வாங்கினார்கள். /23 என்றால் 512 முகவரிகள். 2019 முதல் புதியவர்களுக்கு அங்கே கிடைக்கும் உச்ச அளவு அதுதான். உலக பிஜிபியில் /24க்கு (256 முகவரிகள்) சிறியதைப் பலரும் ஏற்பதில்லை என்பதால், இரண்டு /24 கையில் இருப்பதே இரண்டு வழிகளில் இறக்கத்தைப் பிரித்துவிடப் போதுமானது.

512 முகவரியில் 1,200 வீடுகளை வைக்க சிஜிநேட், அதாவது நிறுவனமே செய்யும் நேட், வேண்டும். ஒரு முகவரியில் பயன்படுத்தக்கூடிய போர்ட்டுகள் (இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள்) 64,512. வீட்டுக்கு 2,000 போர்ட் ஒதுக்கினால் ஒரு முகவரியில் 32 வீடுகள். 38 முகவரிகளில் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். மீதி, நிலையான ஐபி கேட்கும் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும்.

கட்டண முறையில் ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். 95ஆவது பெர்சென்டைல் முறையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுத்து, மாதத்தின் மிக உயர்ந்த 5 சதவீதத்தைக் கழித்துவிட்டு, மீதியில் உயர்ந்த அளவுக்குக் கட்டணம் போடுவார்கள். 30 நாள் மாதத்தில் அது 36 மணி நேரம். "உச்ச நேரம் இலவசம்" என்று இதை விற்பார்கள். வீட்டு வாடிக்கையாளர்களின் மாலை உச்சமோ நாளுக்கு 3 மணி நேரம், மாதத்துக்கு 90 மணி நேரம். ஆகவே அன்றாட உச்சத்துக்கு இது உதவாது. அதற்குரிய அளவை கமிட்டில் (மாதாமாதம் கட்டாயம் கட்டணம் செலுத்தும் அளவு) வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த 36 மணி நேரத்தின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு லைன் அறுந்து முழுச்சுமையும் இன்னொன்றில் விழும் நாளில். இதை மனதில் வைத்து, இரு பக்கமும் 10 ஜிபிபிஎஸ் போர்ட், குறைந்த கமிட் என்று பேசினோம்.

எடுத்த முடிவுகள்: ரூட்டர்

புதுப்பித்த சேசிஸை முதலில் ஒதுக்கினோம். மின்சாரச் செலவு ஒரு காரணம். பெரிய காரணம், அதன் லைன் கார்டுகளின் ரூட் கொள்ளளவு. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக ஐபிவி4 அட்டவணை 5,12,000ஐத் தொட்டபோது பழைய ரூட்டர்கள் பல இடங்களில் தடுமாறின. இப்போது அது 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. விலைப்பட்டியலில் இருந்த கார்டுகள் அதற்குத் தாங்காதவை. விற்றவர் அதைச் சொல்லவில்லை.

ஜூனிப்பர் எம்எக்ஸ்204 உண்மையிலேயே நல்ல பெட்டி: ஒரு யூ உயரம், நான்கு 100 ஜி, எட்டு 10 ஜி போர்ட்டுகள், முழு அட்டவணையை அலட்டாமல் தாங்கும். ஆனால் அந்த விலைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். ஒன்று கெட்டால் மாற்று இல்லை. இந்த நிறுவனத்துக்கு ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு சாதாரணப் பெட்டிகள் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மைக்ரோடிக் சிசிஆர்2116 இரண்டு வாங்கினார்கள். 16 கோர், 16 ஜிபி நினைவகம், நான்கு 10 ஜி போர்ட்டுகள், இரட்டை மின்வழங்கி. ரூட்டர்ஓஎஸ் 7 என்பதால் பிஜிபி ஒரே கோரில் முடங்காது. டெக்னீஷியன்களுக்குக் கைப்பழக்கம் உள்ள மென்பொருள் என்பதும் ஒரு காரணம். இரவு இரண்டு மணிக்குப் பழுது பார்க்கப்போவது அவர்கள்தான்.

முழு அட்டவணை எடுக்கவில்லை. அப்ஸ்ட்ரீம்களிடம் அவர்களின் சொந்த, வாடிக்கையாளர் ரூட்டுகளும் ஒரு டீஃபால்ட்டும் மட்டும். மைஐஎக்ஸிலிருந்து கிடைக்கும் அனைத்தும். காரணம் மேலே சொன்ன அந்த விகிதம். முழு அட்டவணை உதவுவது ஏறும் போக்குவரத்துக்கு நல்ல வழி தேடத்தான். இங்கே ஏறுவதோ 200 எம்பிபிஎஸ். இறங்கும் 1.9 ஜிபிபிஎஸ் எந்த வழியாக வரும் என்பதை நாம் வெளியே அறிவிக்கும் விதம்தான் தீர்மானிக்கும். தவிர, ரூட்டுகள் குறைவாக இருந்தால் சிசிஆர்2116இன் ஸ்விட்ச் சிப்பிலேயே அடங்கும். முழு இணையமும் அதில் கொள்ளாது. டீஃபால்ட்டை நம்புவதில் ஒரு ஆபத்து உண்டு: அப்ஸ்ட்ரீமின் உள்ளே பழுதானாலும் பிஜிபி நிமிர்ந்தே நிற்கும். அதற்காக வெளியே சில முகவரிகளைத் தொடர்ந்து சோதித்து, எட்டவில்லை என்றால் அந்த டீஃபால்ட்டை இறக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று வைத்தோம்.

பழைய சிசிஆர்1036 பிபிபிஓஇக்கும் நேட்டுக்கும் மட்டும் நின்றது. எல்லை ரூட்டரில் நேட் கூடாது. தாக்குதல் வந்தால் முதலில் நிரம்புவது இணைப்புக் கண்காணிப்பு அட்டவணை.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவில்லை. தன் சொந்த முகவரிகளைத் தவிர வேறெதையும் வெளியே அறிவிக்காத வடிகட்டி, ஆர்பிகேஐ ரோவா (இந்த முகவரியை இந்த ஏஎஸ்தான் அறிவிக்கலாம் என்ற கையொப்பமிட்ட பதிவு), ஒவ்வொரு பிஜிபி செஷனுக்கும் ரூட் எண்ணிக்கை வரம்பு. 2015 ஜூன் 12 அன்று மலேசியாவிலிருந்து கசிந்த லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டுகள் உலகின் பல பகுதிகளில் இணையத்தை மந்தமாக்கின. அப்படி ஒன்று சிறியவர்களாலும் நேரக்கூடும்.

மாற்றமும் பின்விளைவும்

மாற்றத்தைத் தைப்பூசத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டோம். அந்த விடுமுறையில் தண்ணீர்மலைக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே நேரலை பார்ப்பார்கள். டெக்னீஷியன்களில் ஒருவர் காவடி எடுப்பவர்.

அதிகாலையில் மாற்றினோம். ரூட்டர்கள் சரியாக இருந்தன. தொல்லை வேறு இடங்களில் வந்தது. முதலாமவரின் மேல்நிலை நெட்வொர்க் ஒன்று தன் வடிகட்டியில் புதிய முகவரியைச் சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் இருந்த சில தளங்கள் பிற்பகல் வரை திறக்கவில்லை. அப்புறம் முகவரியின் ஊர் பிரச்சினை. புதிய தொகுதியைச் சில சேவைகள் வேறு நாடாகக் காட்டின. வீடியோ செயலிகளில் மலேசியப் பட்டியல் வரவில்லை. ஜியோஃபீட் கோப்பு (எந்த முகவரி எந்த ஊரில் என்று சொல்லும் பட்டியல்) வெளியிட்டு, ஒவ்வொரு சேவைக்கும் எழுதி, எல்லாம் சரியாகச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் வந்த புகார்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

சில மாதங்கள் கழித்து முதலாமவரின் இழை மறுபடி அறுந்தது. இந்த முறை மூன்று நிமிடம் எல்லாம் நின்று, பின் மூன்றாமவர் வழியில் தானாக ஓடத் தொடங்கியது. அந்த மூன்று நிமிடம் மைக்ரோடிக்கில் பிஜிபியின் இயல்பான 180 நொடி ஹோல்ட் டைமர் (எதிர்ப்பக்கம் மௌனமானால் காத்திருக்கும் நேரம்). இடையில் இருந்த கருவியால் போர்ட் விளக்கு அணையவில்லை. ரூட்டருக்கு அறுந்தது தெரியவில்லை. பிறகு மூன்றாமவருடன் பிஎஃப்டி (வழி அறுந்ததை மிக விரைவில் கண்டுபிடிக்கும் முறை) போட்டோம். முதலாமவர் பிஎஃப்டிக்கு ஒத்துக்கொள்ளாததால் டைமரை 30 நொடியாகக் குறைத்தோம். பிபிபிஓஇ அறுபடாததால் டயல் நெரிசலும் இல்லை. பழுது ஒன்பது மணி நேரம் நீடித்தது. மூன்றாமவர் லைனில் கூடுதலாக ஓடியது அந்த 36 மணி நேரத்துக்குள் அடங்கி, கட்டணத்தில் ஏறவே இல்லை.

ஒரு இரவு ஒரு வாடிக்கையாளரின் முகவரி மேல் தாக்குதல் வந்து போர்ட் நிரம்பியது. அந்த ஒரு முகவரியை பிளாக்ஹோல் கம்யூனிட்டியுடன் (அதற்கு வருவதை எல்லாம் கொட்டிவிடச் சொல்லும் குறி) அறிவித்ததும் மூன்றாமவர் பக்கம் உடனே அடங்கியது. முதலாமவர் பக்கம் டிக்கெட் போட்டு, போன் செய்து, ஆளைப் பிடித்துச் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த முறை மாற வேண்டியவை

இழை வழியின் வரைபடத்தைக் கேட்டு வாங்கினோமே தவிர, அது மாறினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லை. முதலாமவர் ஒரு வருடத்துக்குள் ஒரு பகுதியை வேறு குழாய்க்கு மாற்றியது, போய்வரும் நேரம் கூடியதைக் கண்காணிப்பு வரைபடத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நல்லவேளையாக அது மூன்றாமவர் வழியைத் தொடவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வரியும், பிளாக்ஹோல் கம்யூனிட்டியும், பிஎஃப்டியும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று உரிமையாளர் இப்போதே பட்டியல் போட்டிருக்கிறார்.

ஏப்நிக் முகவரி கையில் வந்த அன்றே ஜியோஃபீட் வெளியிட்டிருக்கலாம். வாடிக்கையாளர்களை மாற்றும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐபிவி6ஐ மாற்றத்தோடு சேர்த்தே வீடுகளுக்குக் கொடுத்திருக்கலாம். கூகுள், மெட்டா, நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அதில் ஓடுபவை, நேட்டின் சுமை பெருமளவு இறங்கியிருக்கும். இப்போது ஃபிளாட் ஃபிளாட்டாகச் செய்து வருகிறார்கள்.

ரூட்டரில் ஒரே குறை போர்ட். அப்ஸ்ட்ரீம், உள்நெட்வொர்க், இரண்டு ரூட்டருக்கும் இடையிலான இணைப்பு என்று 10 ஜி போர்ட்டுகள் நிரம்பிவிட்டன. மூன்றாவது வழி வரும்போது பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும், இல்லை பெட்டியை மாற்ற வேண்டும். ஸ்விட்சுக்குத்தான் விலை கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் பழைய சிசிஆர்1036க்கு மாற்று வாங்குவது வரிசையில் இருக்கிறது. எல்லையில் இரண்டு பெட்டிகள் இருந்தாலும் 1,200 வீடுகளும் இன்னமும் அந்த ஒன்றின் வழியாகத்தான் வெளியே வருகின்றன.